வெற்று டிஸ்க்கை நகலெடுத்த வாத்தியார்

குடவாசல் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் வாத்தியார். வீடு வாய்க்கால் கரையிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் கடைமடை. மேலே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் பாய்ந்து, மிச்சம் இருந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. விவசாயிகள் காலையிலும் சாயங்காலமும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, என் வீட்டுக்கு எதிரே இருக்கிற சின்னப் பாலத்தில் நின்று, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

இதைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு நாள் ஊருக்கு நல்லது செய்யும் ஆசை வந்தது. கூடவே, அதைச் செய்தவன் நான்தான் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டப்படுவேன்.

சீட்டுக்கட்டு அளவில் ஒரே பலகையில் வருகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். பாலத்துக்கு அடியில், தண்ணீரைப் பார்த்த மாதிரி ஒரு சென்சாரைப் பொருத்தினேன். அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பி, திரும்பி வருகிற நேரத்தைக் கொண்டு தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று சொல்லும். அங்கிருந்து ஒரு ஒயர் என் ஜன்னலில் இருந்த கம்ப்யூட்டருக்கு வந்தது. செய்தி அனுப்புவதற்கு, சிம் போட்ட ஒரு டாங்கிளையும் அதில் செருகினேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முப்பது பேரின் போனுக்குச் செய்தி போகும்: 'வாய்க்காலில் இன்று ஒன்றரை அடி.' அதற்குக் கீழே என் பெயர். பெயருக்குப் பின்னால் என் பட்டங்கள். தண்ணீரைப் பற்றிய செய்தி ஒரு வரி, என்னைப் பற்றியது இரண்டு வரி.

அதோடு நின்றிருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு செகண்டுக்கு ஒரு தடவை அளக்கக்கூடியது என்று தெரிந்ததும் ஒவ்வொரு செகண்டும் அளந்து எழுதிவைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டால் காரணம் கிடையாது. முடியும் என்பதுதான் காரணம். இத்தனையையும் அது எழுதிவைத்தது விரல் நகம் அளவில் இருக்கிற ஒரு மெமரி கார்டில். அந்தக் கம்ப்யூட்டருக்கு மூளை, ஞாபகம், உயிர் எல்லாமே அந்தக் கார்டுதான். இப்படி ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்தால் அது தேய்ந்துபோகும். எழுதுகிற நேரத்தில் கரண்டு போனால் பாதியில் குழம்பிப் போகும். எங்கள் ஊரில் கரண்டு எப்போது போகும் என்பதும் தண்ணீர் மாதிரிதான்.

அதனால் ஐந்தாறு மாதத்துக்கு ஒரு கார்டு செத்தது. ஒவ்வொரு தடவையும் குடவாசல் கடைத்தெருவில் இருக்கிற ஒரு செல்போன் கடைக்குப் போவேன். கடைக்காரர் வளைகுடாவில் பல வருடம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

ஆறாவது தடவை போனபோது, நான் படியேறுவதற்குள்ளேயே, "வாங்க சார், கார்டா?" என்றார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"போன் ரிப்பேர்னா போனைக் கையில புடிச்சிக்கிட்டு வருவாங்க. நீங்க சட்டைப் பையப் பொத்திக்கிட்டு வர்றீங்க." செத்துப்போன கார்டை வாங்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "இந்தச் சின்ன கார்டுல அப்படி என்னதான் சார் எழுதுறீங்க?"

"டேட்டா" என்றேன். அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே காது சிவக்கிறது.

"எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம்?"

"ஒவ்வொரு செகண்டும்."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். பிறகு, "அப்ப கார்டு தாங்காது சார். எஸ்.எஸ்.டி. போட்டுருங்க. லேப்டாப்புல போடுவாங்கள்ல, அந்த டிஸ்க். ஒரு கேபிளைக் குடுத்து வெளிய மாட்டிக்கலாம். கெட்டி" என்றார்.

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டு இருந்தேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. உள்ளங்கை அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு டிஸ்க்கையும் கேபிளையும் வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே ஒரு புதுக் கார்டு. அதற்குள் பழைய கார்டிலிருந்ததைத் தட்டுத்தடுமாறி மாற்றி மூன்று வருடக் கணக்கையும் உயிரோடு வைத்திருந்தேன். அவசரத்துக்கு ஒரு நகலும் இருந்தது, 'பத்திரம்' என்ற பெயரில். அதுவும் அதே கார்டுக்குள்ளேதான்.

என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இதைக் கேள்விப்பட்டபோது, "பீரோ சாவிய பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுன மாதிரி இல்ல இது?" என்று கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொன்னேன். அவளுக்கு அன்றைக்கே புரிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கார்டில் இருப்பதை அப்படியே டிஸ்க்குக்கு மாற்றுவதற்கு அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு சின்னப் பெட்டி திறக்கும், 'எதிலிருந்து', 'எதற்கு' என்று பெயரோடு கேட்கும், நிச்சயமா என்று திரும்பவும் கேட்கும். அது தெரியாதவர்களுக்கு என்று நான் முடிவு செய்தேன். கறுப்புத் திரையில் ஒரே வரியில் கட்டளை அடித்துச் செய்கிற வழி இருக்கிறது. அது எதையும் கேட்காது. இரண்டு பெயரைக் கொடுத்தால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் எழுதிவிடும். அதுதான் என் தகுதிக்கு ஏற்றது என்று தோன்றியது.

அடித்தேன். திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. அந்த அழகைப் பார்த்து மயங்கி, போனில் ஒரு படம் எடுத்து எங்கள் பள்ளி ஆசிரியர்கள் குழுவில் போட்டேன். 'கணினி இடமாற்றம் நடைபெறுகிறது' என்று கீழே எழுதினேன். உடனே இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதில் ஒருவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர்.

மனைவி டீ கொண்டுவந்தாள்.

"என்ன ஓடுது?"

"இதுல இருக்கறதெல்லாம் அதுக்குப் போகுது" என்று விரலை நீட்டிக் காட்டினேன். "இன்னும் கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். இனிமே ஜென்மத்துக்கும் அழியாது."

டீயை நிதானமாகக் குடித்தேன். அப்படி ஒரு நிறைவோடு டீ குடித்து ரொம்ப நாளாகியிருந்தது.

எண்கள் நின்றன. என்னென்ன வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுத்தேன். அப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது என்றது கம்ப்யூட்டர். சரி, அணைந்துவிடு என்றேன். அணைவது என்றால் என்ன என்றும் தெரியாது என்றது. காலையில் எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தது, இப்போது எதுவுமே ஞாபகம் இல்லாமல் விழித்தது. ஒயரைப் பிடுங்கினேன். டிஸ்க்கை மட்டும் மாட்டிக் கரண்டு கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. கார்டை மட்டும் போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் போனில் எடுத்த படம் ஞாபகம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டளை வரி தெளிவாக இருந்தது. எடுக்க வேண்டிய இடத்தில் புது டிஸ்க்கின் பெயர். எழுத வேண்டிய இடத்தில் கார்டின் பெயர். ஒன்றுமே இல்லாத டிஸ்க்கிலிருந்து அந்த ஒன்றுமில்லாததை எடுத்து, மூன்று வருடக் கணக்கின் மேல் ஓரம் விடாமல் பூசியிருந்தேன். படத்துக்குக் கீழே அந்த இரண்டு கட்டைவிரலும் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

மனைவி டம்ளரை எடுக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னாச்சுங்க?"

"மூணு வருஷக் கணக்கும் போச்சு."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. அழிஞ்சிடுச்சு."

"யாரு அழிச்சா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் விடவில்லை, டம்ளரோடு அங்கேயே நின்றாள்.

"நான்தான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய், சமையலறையில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இதில் எனக்கு மட்டும் நஷ்டம் என்றால் மறைத்திருப்பேன். அடுத்த மாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் வர இருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாள் தாமதமாக வருகிறது, முறை வைத்து விடும்போது எத்தனை நாள் வாய்க்கால் வறண்டு கிடக்கிறது என்பதை மனுவோடு சேர்த்துக் கொடுப்பதாக எங்கள் ஊர் விவசாயிகளிடம் சொல்லியிருந்தேன். கலரில் வரைபடம் போட்டுத் தருகிறேன் என்று வேறு சொல்லியிருந்தேன். கலர் என்பது அவர்கள் கேட்டதில்லை.

கம்ப்யூட்டரில் போனால் என்ன, செய்திகள் முப்பது பேர் போனில் இருக்குமே என்று தோன்றியது. அன்றைக்கே வண்டியை எடுத்தேன். முதல் வீட்டுக்காரர் இடம் போதவில்லை என்று மாதாமாதம் எல்லாவற்றையும் அழித்துவிடுவாராம். இரண்டாமவர் போன் போன வருடம் ஆழ்துளைக் கிணற்றுக் குழிக்குள் விழுந்துவிட்டது. மூன்றாமவர் கொஞ்சம் கூச்சத்தோடு, "அது உங்க நம்பரா சார்? கீழ பட்டமெல்லாம் நீளமா வருதா, ஏதோ டியூஷன் விளம்பரம்னு பிளாக் பண்ணிட்டேன்" என்றார். இப்படியே இருபத்தொன்பது வீடு. பிளாக் செய்தவரைத் தவிர எல்லோருக்கும் நான் அனுப்புவது தெரிந்திருந்தது, பலர் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் தண்ணீர் வந்ததா என்று பார்க்க இன்னும் பாலத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். தினமும் என் ஜன்னலுக்கு நேராக நின்று எட்டிப் பார்த்தவர்களை நான் ஏன் கவனிக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

முப்பதாவது பெயர் என் அத்தை மகள்.

அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் எங்களுக்கு முந்தைய தலைமுறை கூலிக்கு வயலில் இறங்கியவர்கள்தான். நான் படித்து வாத்தியார் ஆனேன். அவள் இருபது பெண்களைச் சேர்த்து நடவு, களை வேலைகளைப் பேசி முடித்துத் தருகிறாள். சொந்தமாக நிலம் கிடையாது. செய்தி அனுப்புகிற பட்டியலில் தன் நம்பரையும் சேர்க்கச் சொல்லி அவளாகத்தான் வந்து கேட்டாள். நிலமே இல்லாதவளுக்கு வாய்க்கால் கணக்கு எதற்கு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேதான் சேர்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் போனபோது வாசலில் வேட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் புருஷனுடையது.

"என்ன மச்சான், மூஞ்சி தொங்கிப்போயி வர்றீங்க?"

சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. மெஷினில் கோளாறு என்றேன்.

"மெஷின்ல கோளாறா? அக்கா வேற மாதிரி சொன்னிச்சே." என் மனைவி எனக்கு முன்பே போன் செய்திருந்தாள்.

"சரி, என் மெசேஜெல்லாம் உன் போன்ல இருக்கா இல்லையா?"

"போன்ல இல்ல" என்றாள். நான் வண்டியைத் திருப்பப் போனேன். "காலண்டர்ல இருக்கு."

உள்ளே போய், ஃபிரிட்ஜ் மேலே இருந்த துணிக்கடைப் பையிலிருந்து சுருட்டி வைத்த மாதக் காலண்டர்களை எடுத்து வந்தாள். பெரிய பெரிய கட்டம் போட்டவை. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பால்பாயின்ட் பேனாவில் பொடியாக எழுதியிருந்தாள். யார் வயல், எத்தனை ஆள், என்ன வேலை. அதற்குக் கீழே நான் அனுப்பிய எண். ஒரு நாள் விடாமல் மூன்று வருடம்.

"இது எதுக்கு எழுதி வச்ச?"

"தண்ணி வராம எந்த வயல்ல நடவுக்கு ஆளெறக்குறது? எந்த வாய்க்கால்ல எப்ப வருதுன்னு தெரிஞ்சாத்தான் யாருக்கு எந்த நாளு ஒப்புக்கறதுன்னு சொல்ல முடியும். இருபது பேரு பொழப்புல்ல?"

முப்பது பேரில் என் செய்தியை உண்மையிலேயே பயன்படுத்திய ஒரே ஆள். சந்தோஷத்தில் காலண்டரை வாங்கிப் பிரித்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தையும் இருந்தது. ஒரு கட்டத்தில் 'ஒரு அடி, முட்டி' என்று இருந்தது. ஒன்றில் 'அரை அடி, கெண்டைக்கால்'. அடுத்த மாதத்தில் ஒரு கட்டத்தில் 'இரண்டு அடி, பொய், கெண்டைக்கால்' என்று இருந்தது. அடுத்த நாளும் பொய். அதற்கடுத்த நாளும் பொய். பக்கத்தைத் திருப்பினேன். ஒன்றரை மாதத்துக்கு வரிசையாகப் பொய்.

"என்ன இது, பொய் பொய்யின்னு எழுதியிருக்க?"

"பொய்யின்னா வேற எப்படி எழுதறது?"

"மெஷின் பொய் சொல்லாது."

"மெஷின் எங்க சொன்னிச்சு? நீங்கதான சொன்னீங்க. கீழ உங்க பேருதான போட்டிருந்திச்சு."

அவள் தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது பாலத்துக்குச் சுற்றிப் போகாமல், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வாய்க்காலில் இறங்கித்தான் அக்கரைக்குப் போவாள். காலில் எதுவரை தண்ணீர் நனைத்தது என்று பார்த்து அதையும் எழுதியிருக்கிறாள். அந்த ஒன்றரை மாதம் என்ன நடந்தது என்பதையும் அவளே சொன்னாள்.

"பாலத்துக்குக் கீழ வெங்காயத்தாமரை வந்து அடைச்சிக்கிட்டு நின்னிச்சு மச்சான். மொழங்கால் ஒசரம். உங்க மெஷின் தண்ணிய அளக்கல, தாமரைய அளந்திச்சு."

"அப்பவே எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிக்கிட்டு நின்னீங்க. ஏதோ சதவீதம், எரருன்னு இங்கிலீசுல சொன்னீங்க. களையெடுப்புக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன். அப்பறம் நாங்களே பத்துப் பேரு எறங்கி அள்ளிக் கரையில போட்டோம்."

எனக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அளவு ஏறுக்குமாறாக இருப்பதாக எனக்கும் ஒரு சந்தேகம் வந்து, புரோகிராமில் இரண்டு வரி மாற்றினேன். மறுநாளே அளவு சரியாகிவிட்டது. என் திருத்தத்தால்தான் சரியானது என்று நினைத்து, பதினொன்றாம் வகுப்பில் அதை உதாரணமாகப் பாடமே நடத்தியிருக்கிறேன். பத்துப் பெண்கள் இடுப்பை வளைத்து அள்ளிப்போட்ட தாமரை என் ஜன்னலுக்கு எதிர்க்கரையில் குவிந்து காய்ந்து கிடந்தது. அதையும் நான் பார்க்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் காலண்டர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் படிக்க, நான் லேப்டாப்பில் அடித்தேன். கூடத்தில் என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, ஒவ்வொரு 'பொய்'க்கும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

ஒரு சிக்கல் வந்தது. பொய் நாட்களுக்கு என் எண்ணை வைத்துக்கொள்ள முடியாது. அவள் காலைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கெண்டைக்கால், முட்டி, தொடை என்று வரைபடம் போட முடியாது. யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"உன் முட்டி எவ்வளவு ஒசரம் இருக்கும்?"

கூடத்தில் கீரை ஆய்கிற கை நின்றது.

"என்ன கேட்டீங்க?" என்றாள் என் மனைவி.

"அளவுக்குத்தான்... சென்டிமீட்டர்ல..."

"மச்சான் முப்பது வருசம் கழிச்சுக் கேக்குறாரு" என்று சொல்லிவிட்டு என் அத்தை மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் இருவருக்கும் கல்யாணம் என்று சின்ன வயதில் வீட்டில் பேச்சு இருந்தது, அது என் மனைவிக்கும் தெரியும். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. லேப்டாப்பைப் பார்த்தேன்.

கடைசியில் என் மனைவி தையல் டேப்பை எடுத்து வந்தாள். அத்தை மகளைச் சுவரோரம் நிற்க வைத்து, தரையிலிருந்து கரண்டை, கெண்டைக்கால், முட்டி, தொடை என்று ஒவ்வொன்றாக அளந்து சொன்னாள். நான் எதிர்ச்சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அடித்தேன். எல்லாம் முடிந்து கூட்டிப் பெருக்கி, மெஷின் சரியாக இருந்த நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒத்துவரவில்லை. அவள் கணக்கில் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு கூடுதலாக வந்தது. இதுதான் மனித அளவையில் வரும் பிழை என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

"சேத்துல ஒரு சாண் கால் உள்ள போவும்ல மச்சான், அதக் கழிச்சீங்களா?" என்றாள்.

கழித்தேன். விரல்கடை வித்தியாசம்கூட இல்லாமல் பொருந்தியது. இயற்பியல் வாத்தியாரின் கணக்கில் சேறு இல்லை.

குறைதீர் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டேன். அன்றைக்குக் களையெடுப்பு, வர முடியாது என்றாள். மனுவோடு வரைபடத்தைக் கொடுத்தோம். அதிகாரி ஒரு இடத்தில் விரலை வைத்து, "இந்த ஒன்றரை மாசம் மட்டும் வேற கலர்ல இருக்கே?" என்று கேட்டார். சென்சார், ஒலி அலை என்று தொடங்கினேன். சுற்றியிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, நடந்ததைச் சொன்னேன். தாமரையை அளந்ததையும், கால் அளவையும், டேப்பையும். அவர் சிரித்தார். பிறகு, "மத்ததைவிட இந்தப் பகுதிதான்யா நம்பற மாதிரி இருக்கு" என்று சொல்லி ஏதோ குறித்துக்கொண்டார். அதனால் தண்ணீர் சீக்கிரம் வந்ததா என்று கேட்டால், அந்த வருடம் கொஞ்சம் முன்னால்தான் வந்தது. எங்கள் மனுவாலா, மேலே பெய்த மழையாலா என்று அடித்துச் சொல்லமாட்டேன். பழைய ஆளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

இதற்கிடையில் ஒரு மாதத்துக்கு மேல் செய்தி போகவில்லை. அத்தை மகளைத் தவிர ஒருவர்கூடக் கேட்கவில்லை.

திரும்பவும் எல்லாவற்றையும் கார்டில் முதலிலிருந்து ஏற்றினேன். இந்தத் தடவை பெயரோடு கேட்கிற சின்னப் பெட்டியைத் திறந்துதான் நகலெடுத்தேன். 'நிச்சயமா?' என்று அது கேட்டபோது மனைவியைக் கூப்பிட்டுப் படித்துப் பார்க்கச் சொன்னேன். நகல் சரியாக முடிந்தது. கம்ப்யூட்டர் எதை முதலில் பார்த்து விழிக்க வேண்டும் என்ற இடத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கார்டைக் கழற்றிவிட்டுக் கரண்டு கொடுத்தேன். விளக்கு எரிந்தது, இரண்டு தடவை சிமிட்டியது, அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. மூன்று நாள் இதே கதை. டிஸ்க் கோளாறு என்று முடிவு கட்டி, கொஞ்சம் கோபமாகவே பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டினார். ஒழுங்காக வேலை செய்தது.

"எந்த சார்ஜர்ல சார் ஓட்டுறீங்க?"

"வீட்ல பழைய போன் சார்ஜர் ஒண்ணு..."

பாய் கண்ணை மூடித் திறந்தார். "கம்ப்யூட்டர், சிம் டாங்கிள், டிஸ்க், மூணும் அந்த ஒரு சார்ஜர்லதான் கரண்ட் குடிக்கணும். எப்படி சார் பத்தும்? டிஸ்க் எழுந்திருக்கறதுக்குள்ள மத்தது படுத்துருது." அந்தக் கம்ப்யூட்டருக்கென்றே வருகிற கனமான அடாப்டர் ஒன்றை எடுத்து வைத்தார். பள்ளியில் மின்சாரப் பாடம் நடத்துகிறவன் நான்.

அதை மாட்டியதும் ஒரே தடவையில் எழுந்தது. முன்பு கார்டில் எழுந்திருக்க எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. அந்த வேகத்தைக் காட்ட மனைவியை இரண்டு தடவை கூப்பிட்டு, அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது தடவை பார்த்துவிட்டு, "ஒரு செகண்டுல வாய்க்கால்ல தண்ணி எவ்வளவுங்க ஏறும்?" என்று கேட்டாள்.

"ஏறாது."

"அப்பறம் எதுக்கு செகண்டுக்கு ஒருதடவ எழுதுது?"

கால் மணி நேரத்துக்கு ஒருதடவை என்று மாற்றினேன். மாற்றிவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆரம்பத்திலிருந்தே இப்படி வைத்திருந்தால் முதல் கார்டே இவ்வளவு சீக்கிரம் செத்திருக்காது. டிஸ்க் வாங்கியிருக்க வேண்டாம். நகலெடுத்திருக்க வேண்டாம். அழித்திருக்கவும் வேண்டாம். அடுத்த தடவை கடைப்பக்கம் போனபோது பாயிடம் சொன்னேன். "அன்னிக்கே சொல்லலாம்னுதான் பாத்தேன் சார். நீங்க டேட்டான்னு சொன்னதும் பயந்துட்டேன்" என்றார்.

செய்தியிலிருந்து என் பட்டங்களை எடுத்தேன். பெயரையும் எடுத்தேன். அந்த இடத்தில், அடிக்குப் பக்கத்தில் 'முட்டிக்குக் கீழ', 'தொடை' என்று வருகிற மாதிரி மாற்றினேன். பிளாக் செய்தவர் கூட மறுபடி சேர்த்துக்கொண்டார். மேலத்தெருவிலிருந்து ஒருவர் மட்டும் போன் செய்து, "யாரு முட்டி சார் இது? எனக்கு ஒத்து வரலயே" என்று கேட்டார். அவர் நல்ல உயரம்.

அந்த ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. இரண்டாம் நாள் கரண்டு போனது. வாய்க்கால் நிறைந்து, வடிகால் எதிர்த்து, வயலும் தெருவும் ஒன்றாகின. நாலாம் நாள் காலை பத்து மணி வாக்கில் கரண்டு வந்தது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். பச்சை விளக்கு சிமிட்டியது, நிலைத்தது. ஒரு குழப்பமும் இல்லை, ஒரு வரிகூடத் தொலையவில்லை. எந்தக் கார்டும் இப்படிப்பட்ட கரண்டு வெட்டைத் தாங்கி எழுந்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே முப்பது பேருக்கும் செய்தி அனுப்பியது: 'வாய்க்காலில் இன்று மூன்று அடி, தொடைக்கு மேல்.' பாதிப் பேர் அப்போது அந்தத் தண்ணீரிலேயே நின்று வயலுக்கு வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒரே பெருமை. பின்கட்டுக்கு ஓடினேன். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொல்லைப்பக்கமாக ஏறிவந்த தண்ணீரை முறத்தால் வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். வருடச் சாப்பாட்டுக்கு வாங்கிவைத்த நெல் மூட்டைகளின் அடி நனைய ஆரம்பித்திருந்தது.

"எழுந்துடுச்சு!" என்றேன். "டிஸ்க் தானா எழுந்துடுச்சு, தெரியுமா?"

அவள் நிமிராமலேயே சொன்னாள்: "அது எழுந்துட்டுதுல்ல, நீங்க வந்து அந்த மூட்டையத் தூக்குங்க."

தூக்கினேன். ஏழு மூட்டை.